ஆறு மணிக்குள் ஆக்சிஜன்!

ட்ரிங்... ட்ரிங்...!

திங்கட்கிழமை. காலை ஆறு ஐந்து. காவல் நிலையத்து டெலிபோன் அலறியது.

ஏட்டு எடுத்தார். எடுத்தவுடனே முகத்தைச் சுளித்தார். இந்த நேரத்தில் இந்த ஊரில் போன் செய்கிறவர் ஒரே ஒருவர்தான்.

"நான்தான் பேசறேன்."

"தெரியுது சார். சொல்லுங்க."

"என் வீட்டு வாசல்ல ஒரு லாரி நிக்குது!"

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். குடியிருப்போர் சங்கத் தலைவர். ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் புகார்ப்புலி. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஒரு புகார் எழுதுவார். வந்தால், சத்தமாக வருகிறது என்று இன்னொன்று.

"பகல்ல ஊருக்குள்ள லாரி வரக்கூடாதுன்னு உத்தரவு இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். நீங்க அலைஞ்சு வாங்கின உத்தரவுதானே!"

"காலைல ஆறு மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூட நிக்கக்கூடாது. இப்ப மணி என்ன?"

"டிரைவரை எழுப்பி எடுக்கச் சொல்லுங்களேன் சார்..."

"எழுப்பினேன்யா! கதவைத் தட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு என்னையே பார்க்கறான். ஒரு வார்த்தை பதில் பேச மாட்டேங்கறான்! என்ன திமிரு!"

ஏட்டின் கையில் இருந்த டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

"சார்... கண்ணு இமைக்குதா?"

மறுமுனையில் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

ஐந்து வினாடி. பத்து வினாடி...

பிறகு புகார்ப்புலி வாழ்க்கையில் முதல்முறையாக, புகாரை முடிக்காமலே போனை வைத்தார்!

*

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து இறங்கினாள்.

முப்பத்தெட்டு வயது. மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. தாய் இல்லாத அவளை வளர்த்து ஆளாக்கிய அக்கா, நுரையீரலில் சளி கட்டி, ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு வார்டில் கிடந்தாள். வீட்டுக்கு ஒரு நடை, ஸ்டேஷனுக்கு ஒரு நடை, வார்டுக்கு நாலு நடை என்று போய்க்கொண்டிருந்தது இவள் பிழைப்பு.

லாரி, சரிவான அந்தத் தெருவில் ஒழுங்காக ஓரம் கட்டி நின்றது. பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல். பின்னால் ஒரு கல்.

ஏட்டு கல்லைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் பார்த்தாள். போட்டோ எடுப்பவர் அதையும் சேர்த்து எடுத்தார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சரிவில் நிற்கிற லாரிக்குக் கல் வைக்காமல் கிரீடமா வைப்பார்கள்?

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே செத்திருந்தவரை ஏட்டுக்கு நன்றாகத் தெரியும்.

"மேடம்... இது கியர்!"

"யாரு?"

"லாரி டிரைவர் சங்கத்துச் செயலாளர். கியர்னாதான் எல்லாருக்கும் தெரியும். பகல்ல லாரி வரக்கூடாதுங்கற ஒப்பந்தத்துல டிரைவருங்க சார்பா கையெழுத்துப் போட்டவரு."

பின் மண்டையில் ஒரே அடி. கனமான இரும்பு. ஆனால் சீட்டில் ரத்தம் அதிகம் இல்லை.

"வேற எங்கேயோ அடிச்சிருக்காங்க ஏட்டு. அப்புறம் இங்க ஓட்டிட்டு வந்து, அவரை சீட்டுல நகர்த்தி உட்கார வச்சிருக்காங்க."

"அதுவும் கரெக்டா புகார்ப்புலி வாசல்ல..."

"ஆமா. அதான் இடிக்குது."

புகார்ப்புலி ஆடிப்போய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் பேனா இருந்தது. எழுதுவதற்குத்தான் எதுவும் வரவில்லை.

ஒன்பது மணிக்குச் செய்தி பரவியது.

பத்து மணிக்கு, ஊருக்கு வெளியே இருக்கும் பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றது. பதினொரு மணிக்கு அதன் பின்னால் பத்து. மதியத்துக்குள் அறுபத்திரண்டு!

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் அது. உள்ளே வர ஒரே பாலம். வெளியே போகவும் அதே பாலம்.

ஒரு லாரியின் கூரைமேல் ஏறி நின்று பேசினார் ஒருவர். ஆக்சிஜன் டேங்கர் ஓட்டுகிற டிரைவர். ஐம்பது வயது. ஒல்லியான உடம்பு, கனத்த குரல். ஆஸ்பத்திரிக்குக் காற்றைக் கொண்டுபோய் ஊற்றுகிறவர் என்பதால் அவருக்குப் பெயரே காத்து.

"நம்ம கியரைக் கொன்னுட்டாங்க! லாரி வந்தா தூசி, லாரி வந்தா சத்தம்னு சொன்ன ஊரு இது. இப்ப லாரிக்காரனையே அடிச்சுக் கொன்னுடுச்சு! கொலைகாரனைக் குடுக்கட்டும். அப்புறம் சக்கரம் உருளும்! அதுவரைக்கும் ஒரு கடுகு உள்ள போகாது!"

அறுபத்திரண்டு ஹாரன்கள் ஒன்றாக அலறின.

*

நீங்கள் இன்று காலை பல் தேய்த்தீர்களா? அந்தப் பேஸ்ட் உங்கள் வீட்டுக்கு நடந்தா வந்தது?

இந்தக் கேள்வியை அந்த ஊர் அதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை. கடையில் சாமான் இருக்கும். அது அங்கேயே முளைக்கும் என்பதுபோல ஊர் நினைத்துக்கொண்டிருந்தது!

திங்கள் மாலை பால் தீர்ந்தது. செவ்வாய் காலை முட்டை, காய்கறி, ரொட்டி. பதினோரு மணிக்குப் பெட்ரோல் பங்கில் கயிறு கட்டினார்கள். மதியம் மருந்துக்கடைக்காரர் சர்க்கரை மாத்திரையைப் பாதி அட்டை, பாதி அட்டையாகக் கத்தரித்துக் கொடுத்தார். வங்கி இயந்திரத்தில் பணம் இல்லை. அதுவும் வண்டியில்தான் வர வேண்டும் என்று பல பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

செவ்வாய் மாலை கிழவர் ஒருவர் இயற்கையாகச் செத்துப்போனார். அவரை வைக்கப் பெட்டி இல்லை. பெட்டிக்காரர் கையை விரித்தார்.

"பலகை பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குதுங்க. இன்னும் ரெண்டு நாள் பொறுத்து செத்திருக்கலாம்..."

லாரித் தூசி ஜன்னல் திரையில் படிகிறது என்று புகார்ப்புலியின் மனுவில் கையெழுத்துப் போட்ட அத்தனை வீடுகளிலும் திரை பளிச்சென்று இருந்தது. அடுப்பும் பளிச்சென்று இருந்தது.

புதன். மதியம் பன்னிரண்டரை.

இன்ஸ்பெக்டரின் செல்போன் துடித்தது. வார்டு டாக்டர்.

"மேடம், மறைக்காம சொல்லிடறேன். டேங்க்ல ஆக்சிஜன் ஆறு மணி வரைக்கும்தான் வரும்."

"எத்தனை பேரு டாக்டர்?"

"பதினோரு பேர்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உங்க அக்காவையும் சேர்த்து."

"சின்ன சிலிண்டர்..?"

"இருந்ததெல்லாம் நேத்தே மாட்டியாச்சு. காத்து அண்ணனோட டேங்கர் பாலத்துக்கு அந்தக் கடைசில நிக்குது. முழு லோடு! நாலு தடவை போன் பண்ணிக் கெஞ்சிட்டேன். 'கொலைகாரனைக் குடுங்க'ன்னு ஒரே வார்த்தைல வச்சிட்டாரு."

"வேற டிரைவரை வச்சு எடுக்க முடியாதா?"

"அதை ஓட்டறதுக்கே தனி லைசென்ஸ் வேணும் மேடம். ஓட்டினாலும் இறக்கத் தெரியணும். குழாயை முதல்ல குளிர வைக்கணும், வால்வை மெதுவா தொறக்கணும். தெரியாதவங்க கை வச்சா ஆஸ்பத்திரியே மிஞ்சாது. கம்பெனில மத்த டேங்கர் டிரைவருங்களும் சங்கத்துக்காக வரமாட்டேன்னுட்டாங்க."

போனை வைத்தாள். வைத்த கையிலேயே மறுபடி துடித்தது.

மேலதிகாரி!

"என்னம்மா பண்ணிட்டிருக்கே? அந்த ரிட்டயர்டு வாத்தியாரை அரெஸ்ட் பண்ணு!"

"அவர் பண்ணலை சார்."

"பண்ணலைன்னு யார் கேட்டா? அவங்களுக்கு ஒரு கொலைகாரன் வேணும். உன் கையில ஒரு ஆள் இருக்கான். வாசல்ல பாடி, லாரிக்காரங்கமேல விரோதம். போதாதா? விலங்கு மாட்டிப் பாலத்துல கொண்டுபோய்க் காட்டு. வண்டி நகர்ந்ததும் ஒரு மாசம் கழிச்சு விட்டுடலாம்."

"சார்... அவருக்கு எழுபத்தொரு வயசு. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல கொண்டு போனா உயிரோட திரும்பி வரமாட்டார்."

"உங்க அக்கா வார்டுல இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்." குரல் தணிந்தது. "யோசிச்சுக்கம்மா. மூணு மணி வரைக்கும் டயம்."

*

புகார்ப்புலியைப் பாதுகாப்புக்காக ஸ்டேஷனிலேயே வைத்திருந்தார்கள். பெஞ்சில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்றாங்களா இன்ஸ்பெக்டரம்மா?"

அவள் கொலை நடந்த அன்று எடுத்த போட்டோக்களை எடுத்து ஏட்டின் பையில் போட்டாள்.

"நான் ஒருத்தனைக் கொல்றதா இருந்தா மூணு நகல் எடுத்து, முன்கூட்டியே எழுத்துல குடுத்திருப்பேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

சிரிப்பு வர வேண்டிய இடம். அவளுக்கு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இந்த மனுஷன் ஒரு கொலையும் செய்யவில்லை. வெறும் மனு எழுதினார். அந்த மனுவில்தான் அத்தனையும் ஆரம்பித்தது.

"ஏட்டு! கிளம்புங்க. பாலத்துக்குப் போறோம்."

"ஜீப்ல டீசல் இல்லை மேடம்..."

"சைக்கிள்ல காத்து இருக்குல்ல?"

*

மணி ஒன்றரை.

பாலத்தின் மேல் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. நிழலில் படுத்திருந்த டிரைவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. தடுக்கவும் இல்லை. வழிவிட்டார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"மேடம், பார்த்து! காலை இடிச்சுக்காதீங்க."

சொன்னவர் ஒரு குண்டு டிரைவர். எந்த வேலைக்கும் மாற்று ஆளாகக் கூப்பிடப்படுவதால் அவர் பெயர் ஸ்டெப்னி. குனிந்து பார்த்தாள். சக்கரத்துக்கு அடியிலிருந்து ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஹேண்ட் பிரேக் போட்டா பத்தாதா அண்ணே?"

"பத்தும். இருந்தாலும் எங்க கை கேக்காது மேடம். வண்டியை விட்டு இறங்கினா மொத வேலை கல்லு. பொண்டாட்டி பிரசவ வலில கத்தினாக்கூட கல்லைப் போட்டுட்டுத்தான் ஓடுவோம். பழக்கம்!"

அவள் நின்றாள்.

அடுத்த லாரியைப் பார்த்தாள். ஒரு கல். அதற்கடுத்த லாரி. ஒரு கல். சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மட்டும்... ஒரே ஒரு கல்!

"ஏட்டு! அந்த போட்டோ!"

ஏட்டு பையிலிருந்து எடுத்தார். கியரின் லாரி. பின் சக்கரம். முன்னால் ஒன்று. பின்னால் ஒன்று.

"அண்ணே, இதைப் பாருங்க. இப்படி ரெண்டு பக்கமும் போடுவீங்களா?"

ஸ்டெப்னி போட்டோவை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"வேலையத்தவன்தான் ரெண்டு போடுவான். ஒண்ணு போதுமே! ரெண்டு பக்கமும் போடறது டேங்கர்காரங்க மேடம். காஸு, ஆசிட்டு, ஆக்சிஜன் ஓட்டறாங்கல்ல? அவங்களுக்கு கம்பெனிலயே அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. இல்லாட்டி வேலை போயிடும். இது எந்த டேங்கரு?"

"டேங்கர் இல்ல அண்ணே. இது கியரோட லாரி."

ஸ்டெப்னியின் சிரிப்பு நின்றது. அவர் தலை மெதுவாகத் திரும்பியது. பாலத்தின் கடைசியை நோக்கி.

"யார்கிட்டயும் பேசாதீங்க அண்ணே. அரை மணி நேரம்... எனக்காக!"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கொலை செய்தவன் ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறான். கதவைத் துடைத்திருக்கிறான். பிணத்தைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறான். இறங்கி ஓட வேண்டிய நேரத்தில்... குனிந்து, நிதானமாக, சக்கரத்துக்கு இரண்டு கல் வைத்திருக்கிறான்! புத்தி ஓடச் சொன்னது. முப்பது வருஷத்துப் பழக்கம் கேட்கவில்லை.

அந்தப் பாலத்தில் நின்ற டேங்கர் ஒன்றுதான். வெள்ளை நிறம். பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல். பின்னால் ஒரு கல்.

*

"ஏறி உட்காருங்க மேடம். வெயிலு ஜாஸ்தி."

காத்து, கேபின் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள். ஏட்டைக் கீழேயே நிற்கச் சொன்னாள்.

போட்டோவை நீட்டினாள். இரண்டு கல்லின்மேலும் விரலை வைத்தாள்.

அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இந்தக் கைதான் காட்டிக் குடுத்துச்சா?"

"ஏன் அண்ணே?"

"முப்பத்தஞ்சு நாள் ஆச்சு மேடம்... என் வீட்டுக்காரி போயி."

அவர் குரல் கூரைமேல் நின்று பேசிய குரல் இல்லை.

"அதே வார்டுதான். அன்னைக்கும் டேங்க் காலியாகற நேரம். நான் லோடோட காலைல எட்டு மணிக்கு பாலத்து செக்போஸ்ட்டுக்கு வந்துட்டேன். புது உத்தரவு, பகல்ல விடமுடியாதுன்னுட்டாங்க. 'அவசர வண்டின்னு சங்கத்துச் செயலாளர் ஒரு சீட்டு குடுத்தா விடறோம்'னாங்க. கியருக்குப் போன் பண்ணேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன சொன்னாரு?"

"'இன்னைக்கு உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பான். நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், என் பேரு கெட்டுடும்'னான். மூணு மணி நேரம் மேடம்! இருபது டன் ஆக்சிஜனை முதுகுல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என் பொண்டாட்டி நாலு கிலோமீட்டர் தள்ளி மூச்சு இல்லாம செத்துக்கிட்டிருந்தா. அந்த நர்சுப் பொண்ணு பாவம், கைப்பம்பை வச்சு அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கு. கை ஓஞ்சு போச்சாம்."

கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

"திங்கக்கிழமை விடியக்காலை, செக்போஸ்ட் ஓரத்துல டீ குடிக்கறப்ப கேட்டேன். 'ஏண்டா, ஒரு சீட்டு குடுத்திருக்கக் கூடாதா?'ன்னு. 'போனவளையே பேசிட்டு இருக்காதே, வேலையைப் பாரு'ன்னுட்டுத் திரும்பினான். பக்கத்துல வீல் ஸ்பானர் கிடந்துச்சு..."

"அப்புறம் வாத்தியார் வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினீங்க."

"மனு எழுதினது அவரு. கையெழுத்துப் போட்டது இந்த ஊரு. ஒருத்தனைக் கொன்னாச்சு. மிச்சப் பேருக்கும் மூச்சு முட்டினா எப்படி இருக்கும்னு தெரியட்டும்னு நெனச்சேன். தப்பா?"

"தப்பு" என்று அவள் சட்டென்று சொல்லவில்லை. கோபம் வந்தது. அவர்மேல் மட்டும் இல்லை. கியர்மேல், புகார்ப்புலிமேல், அந்த மனுவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே வைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தன் மேலும் வந்தது.

"அண்ணே... நான் இப்ப உங்களை அரெஸ்ட் பண்ணணும். பண்ணினா அந்த வால்வைத் தொறக்க ஆள் இல்லை. பண்ணாம விட்டா நான் போலீஸ் இல்லை. என் அக்கா அங்க ஏழாவது கட்டில்ல கிடக்கறா. என்னை வளர்த்தவ. என்ன பண்ணட்டும் சொல்லுங்க?"

"விலங்கை மாட்டுங்க. நான் வரேன். வண்டி வராது."

மணி இரண்டு நாற்பது.

அவள் விலங்கை எடுக்கவில்லை. செல்போனை எடுத்தாள். வார்டுக்குப் போட்டாள். ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"சிஸ்டர், நான் இன்ஸ்பெக்டர். பக்கத்துல காத்து அண்ணன் இருக்காரு. பேசுங்க."

அந்தப் பக்கம் பெரிய பெரிய மூச்சுகள். ஓடிக்கொண்டே பேசுகிற பெண்ணின் குரல்.

"அண்ணே... நான்தான் அண்ணே. அண்ணிக்குப் பம்பு அமுக்கினவ."

காத்து நிமிர்ந்தார்.

"ஆறு மணிக்கு மேல பம்புதான் அண்ணே. எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டேன். ஆனா எங்ககிட்ட இருக்கறதே நாலு பம்பு. ஆளுங்க பதினோரு பேரு." குரல் உடைந்தது. "எந்த ஏழு பேரை விடறதுன்னு எனக்குத் தெரியலை அண்ணே. டாக்டருக்கும் தெரியலை. நீங்களே சொல்லிடுங்க அண்ணே. ஒண்ணாவது கட்டில்லேர்ந்து பேரைப் படிக்கட்டுமா?"

"வேணாம்!"

காத்து கத்தினார். டேங்கரே அதிர்ந்தது.

"படிக்காதே தாயி... படிக்காதே!"

கேபின் கதவைத் திறந்து குதித்தார். பின் சக்கரத்துக்கு ஓடினார். முன் கல்லை உருவினார். பின் கல்லை உருவினார். இரண்டையும் ஆற்றில் வீசினார்.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஹாரனை அழுத்தினார். எடுக்காமல், விடாமல், அழுத்திக்கொண்டே இருந்தார்.

பாலம் முழுக்கத் தலைகள் திரும்பின.

"வண்டியை எடுங்கடா! ஓரம் கட்டுங்கடா! ஆஸ்பத்திரி வண்டிடா இது!"

"அண்ணே, கொலைகாரன்..?"

"கிடைச்சுட்டான்டா! எடு!"

ஸ்டெப்னிதான் முதலில் தன் லாரியை ஊர்ப் பக்கம் எடுத்தார். எதையும் கேட்காமல் எடுத்தார். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. குறுகலான பாலம். குறுக்கே நிற்பது நேராகி இறங்கினால்தான் பின்னால் நிற்பது நகர முடியும். அறுபத்தோரு லாரிகள்! கண்ணாடி உரசியது. வசவு பறந்தது. இரண்டரை மணி நேரம் ஆனது.

ஐந்தேகால்... பாலம் தாண்டியது.

ஐந்தே முக்கால்... ஆஸ்பத்திரி கேட்!

தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு காத்து குழாயை இணைத்தார். குழாய் மேல் வெள்ளையாகப் பனி படர்ந்தது.

"சீக்கிரம் அண்ணே!" டாக்டர் பதறினார்.

"சீக்கிரம் கிடையாது டாக்டர். அவசரப்பட்டா எல்லாரும் ஒண்ணாப் போயிடுவோம்." வால்வைத் துளித்துளியாகத் திறந்தார். "என்னாலயும் அன்னைக்கு இதைச் செய்ய முடிஞ்சிருக்கும். விட்டிருந்தா."

ஐந்து ஐம்பத்து நான்கு. பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துக்கிடந்த அளவுமானி முள் அசைந்தது. எழுந்தது.

உள்ளே ஏழாவது கட்டிலில் அக்காவின் மார்பு ஒழுங்காக ஏறி இறங்குவதை, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள் இன்ஸ்பெக்டர். முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

பிறகு வெளியே வந்து, காத்தின் கையுறையைக் கழற்றி... விலங்கை மாட்டினாள். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

*

வியாழன் காலை பால் வந்தது. முட்டை வந்தது. பெட்ரோல் வந்தது. கிழவருக்குப் பெட்டி வந்தது.

பகலில் லாரி வரக்கூடாது என்ற உத்தரவை மேலதிகாரி சத்தமில்லாமல் ரத்து செய்தார். ஒரே ஒரு கையெழுத்து. அரை நிமிஷ வேலை. ஒருத்தியும் ஒருத்தனும் செத்த பிறகுதான் அதற்குப் பேனா கிடைத்தது!

அடுத்த திங்கள். காலை பத்து மணி.

"நல்ல வேலை பண்ணினேம்மா" என்று போனில் ஆரம்பித்தார் மேலதிகாரி. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்தாள். அவர் பாராட்டினால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"சொல்லுங்க சார்."

"அந்த டேங்கர் டிரைவர்... ஜாமீன் கேட்டிருக்கானாமே?"

"சார், கொலைக் கேஸ்! ஒத்துக்கிட்டு வாக்குமூலம் குடுத்திருக்காரு!"

"தெரியும்மா, தெரியும். ஆஸ்பத்திரி டேங்க்ல ஆக்சிஜன் வர்ற வியாழன் வரைக்கும்தான் வருமாம். கம்பெனில அஞ்சு டிரைவரைக் கேட்டாச்சு. 'எங்காளை உள்ள வச்சிருக்கற ஊருக்கு வரமாட்டோம்'ங்கறானுங்க. அதனால... கோர்ட்டுல நீ ஜாமீனை ரொம்ப எதிர்க்காதே. தலைவலின்னு லீவு போட்டுடேன்."

போன வாரம் நிரபராதியைப் பிடிக்கச் சொன்ன அதே குரல்! அவள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"வரலாமா இன்ஸ்பெக்டரம்மா?"

வாசலில் புகார்ப்புலி. கக்கத்தில் தடித்த காகிதக் கட்டு.

"என்ன சார்? யார் மேல புகார்?"

"புகார் இல்லை. கோரிக்கை." பெருமையோடு மேஜைமேல் வைத்தார். "டேங்கர் டிரைவருக்கு ஜாமீன் கிடைக்கறதைப் போலீஸ் தடுக்கக்கூடாது. மூவாயிரத்து நூறு கையெழுத்து!"

"சார், உங்க தலையில கொலையைக் கட்டப் பார்த்தவர் அவரு!"

"என் சம்சாரத்துக்கு ஆஸ்துமாம்மா," என்றார் சுருக்கமாக.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். பால்காரர். வங்கி மேனேஜர். மருந்துக்கடைக்காரர். செக்போஸ்டில் அன்று டேங்கரை நிறுத்தியவர். டாக்டர். எல்லோரும் வாழத் துடிக்கிறார்கள். அவளுக்குக் கசந்தது. கூடவே, வியாழக்கிழமையும் ஏழாவது கட்டிலும் ஞாபகத்துக்கு வந்தன.

"எல்லாம் சரி சார். செத்துப்போன கியரோட வீட்டம்மா இருக்காங்க. அவங்க முகத்துல நீங்களும் நானும் எப்படி முழிக்கறது?"

புகார்ப்புலி முதல் பக்கத்துக்குத் திருப்பினார். ஐந்தாவது வரியில் விரலை வைத்தார்.

"அவங்க கையெழுத்துதான் இது."

"என்னது?!"

"மகன் செத்த செய்தி கேட்டு அன்னைக்கே நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்தாங்களே கியரோட அம்மா... இன்னும் ஆக்சிஜன்லதான் இருக்காங்க. மூணாவது கட்டில். மருமகள்தான் கூட இருந்து பார்த்துக்கறா. மனுவை நீட்டினேன். அழுதுக்கிட்டே போட்டுக் குடுத்தா."



ஏட்டு அந்தக் காகிதக் கட்டை எடுத்து ஒழுங்காக அடுக்கினார். ஒரு பேனாவின் மூடியைத் திறந்து, இன்ஸ்பெக்டரின் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

"போடுங்க மேடம். நீங்களும் போட்டுட்டா, ஊர்ல பாக்கி கியர் ஒருத்தர்தான்... அவருக்குத்தான் இனிமே மூச்சே தேவையில்லையே!"